நான்காவது விசில்

அவள் விசில் ஊதினால், பூங்காவில் மரத்தடியில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நாய்கூடக் காரியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். எதிர்வீட்டு மாடியில் முகம் மழித்துக்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சத்தத்தில் தாடையைக் கீறிக்கொண்டார் என்றும், அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியையே தொடுவதில்லை என்றும் சொல்வார்கள். பாதியாவது உண்மையாக இருக்கும். ஏனென்றால் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தாடியோடு பார்த்தவர்கள் நிறையப் பேர். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி பெரியவர்களுக்கு அவள் விசில், சின்னவர்களுக்கு விசிலக்கா.

வாரநாட்களில் அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக அவள் கை மட்டும் வெளியே வரும், டோக்கனோடு. சிபாரிசு, அழுகை, தெரிந்தவர் தெரியாதவர் எதுவும் அந்த ஓட்டைக்குள் நுழையாது. ஒருமுறை அவளுடைய மாமியாரே பல்வலி தாங்காமல் கன்னம் பூசணிக்காயாய் வீங்கி வந்து நின்றாள்.

"எம்மா, நான்டி."

"தெரியுது அத்தை. எண்பத்து மூணு. அந்த பெஞ்சில உட்காருங்க."

எண்பத்து மூன்றாவது ஆளாகத்தான் அந்த அம்மாள் உள்ளே போனாள். அதற்குள் வலித்த பல்லே சலித்துப்போய்த் தானாக விழுந்துவிட்டது என்று கதை. "என் மருமக ரொம்ப நியாயம் பார்க்கிறவ. அதுவும் எங்ககிட்ட மட்டும் பார்ப்பா" என்று மாமியார் கடைசி மூச்சுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். விசிலுக்கு அது ஏச்சாகவே படவில்லை. யாராவது வந்தால் அவளே அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, பூங்காவில் பிள்ளைகளுக்கு இலவசமாக விளையாட்டு நடத்தும் கிளப் ஒன்று இருந்தது. சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பு, வட்டமாக நாற்காலி போட்டுப் பாட்டு நின்றதும் உட்காரும் ஆட்டம், எல்லாம் முடிந்ததும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் பலூனும். யார் வேண்டுமானாலும் வரலாம். நடத்துகிறவர்கள் நாலே பேர். தலைவராக ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், பிள்ளைகுட்டி இல்லாதவர். பிஸ்கட் தருகிற பேக்கரிக்காரம்மா. சாமான்களைப் பழுது பார்க்கிற சைக்கிள் கடைக்காரர். நாலாவது ஆள் விசில். நாலு பேர் என்றுதான் கணக்கு, நடத்தியது ஒருத்திதான்.

முதல் வருஷத்தில் ஒரு விபரீதம் நடந்தது. பேக்கரிக்காரம்மாவின் இரண்டு தடிப்பையன்களும் மூன்று பந்தயத்திலும் முதல் இரண்டு இடத்தைப் பிடித்து, பிஸ்கட் வரிசையிலும் முன்னால் நின்று, இருந்த பன்னிரண்டு பொட்டலங்களையும் தின்று தீர்த்தார்கள். வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைகளுக்கு வெறும் பலூன். அவர்களில் ஒன்றின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுத்திடலில் நின்று, "இலவசம் இலவசம்னு கூப்பிட்டு உங்க பிள்ளைங்க வயித்தை நிரப்பிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பேக்கரிக்காரம்மாவின் தோலைத் தொடவில்லை. விசிலுக்குத்தான் மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

நாலாம் நாள் அவள் சட்டம் போட்டாள். வருகிற பிள்ளைகள் விருந்தாளிகள். மேசையில் பேர் எழுதி, மணிக்கட்டில் எண் போட்ட சிவப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை என்ன சொல்கிறதோ அதையே எழுத வேண்டும், எதிர்க்கேள்வி கூடாது. கிளப்புக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பட்டை கிடையாது, பரிசும் கிடையாது. கூட்டத்தோடு ஆடிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தது என்பதற்கு மூன்று விசில். விருந்தாளிகள் வந்து, எண்ணிச் சரிபார்த்து, பிஸ்கட் வாங்கி, கடைசிப் பிள்ளையும் வரிசையை விட்டுப் போன பிறகு, நீளமாக நான்காவது விசில். அதற்குப் பிறகுதான் நம் பிள்ளைகள் நின்ற இடத்தைவிட்டு நகரலாம். மிச்சம் இருந்தால் உண்டு.

பேக்கரிப் பையன்கள் இரண்டு ஞாயிறு வந்துவிட்டு, "போம்மா, எவன் நிப்பான்" என்று நின்றுவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரரின் பிள்ளைகள் கல்யாண வயதில் இருந்தார்கள். ஆக, நான்காவது விசிலுக்கு உரிய பிள்ளை உலகத்திலேயே ஒன்றுதான் மிஞ்சியது. விசிலின் மகள், சட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

எட்டு வயது. எந்த வரிசையிலும் கடைசியில் நிற்பாள் என்பதால் 'வால்' என்று பெயர் வந்துவிட்டது. வாலாட்டுகிற பிள்ளை இல்லை; அந்தப் பெயருக்கு இப்படி ஒரு சாதுவான பிள்ளை அமைந்ததே கிளப்பில் பெரிய வேடிக்கை. அவளுக்குக் கிடைத்தவை எல்லாம் நொறுங்கிய பிஸ்கட்டும், யாரும் எடுக்காத சாம்பல் நிறப் பலூனும். சாம்பல்தான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவும் பழகிக்கொண்டாள்.

போன வருஷம் ஒரே ஒருமுறை அவள் மூன்றாவது விசிலுக்கே ஓடி வந்துவிட்டாள். விசில் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, சறுக்குமரத்தைப் பார்த்தபடி நிற்க வைத்தாள், வீட்டுக்குக் கிளம்பும்வரை. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம், "சறுக்குமரம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டிராயிங் மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தடவை இன்னும் ஒரு படி மேலே. மூன்று விசிலுக்குப் பிறகு விசில் வேண்டுமென்றே, "வாடி, வா" என்று கூப்பிட்டாள். பிள்ளை நம்பி வந்தது.

"நான் எத்தனை விசில் அடிச்சேன்?"

"நீதானேம்மா கூப்பிட்ட."

"நான் கூப்பிட்டா வரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. விசில் கூப்பிட்டாத்தான் வரணும். புரியுதா?"

புரிந்துகொண்டாள். எதையும் ஒரு தடவை சொன்னால் போதும் அவளுக்கு.

விசிலின் புருஷன் பஸ் கண்டக்டர். நாள் முழுவதும் ஊராரிடம் கத்திவிட்டு வருவதால் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம். ஒரே ஒருமுறை மட்டும், "நம்ம பிள்ளையும் பிள்ளைதானே" என்று சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். "ஊர் வாய்க்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்றாள் விசில். அவர் குழம்பு கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கிளப்புக்குப் பத்து வருஷம் நிறைந்தது. மேடை போட்டு, நகராட்சித் தலைவரைக் கூப்பிட்டு, விசிலுக்குப் பாராட்டு என்று ஏற்பாடு. அன்று காலை விசில் கண்ணாடி முன்னால் நின்று புதுப்புடவையின் மடிப்பை ஒவ்வொன்றாக ஊக்கில் கோத்துக்கொண்டிருந்தபோது, மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் எனக்கும் ஒரு பட்டை கட்டுவியா?"

"எதுக்கு?"

"சும்மா. பிஸ்கட் வேணாம். பட்டை மட்டும். நீ எண்ணும்போது நானும் இருப்பேன்ல."

விசில் வாயில் ஒரு ஊக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்குத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. இன்னிக்குப் போய் உனக்குப் பட்டை கட்டினா, பத்து வருஷம் நான் கட்டிக் காத்த பேரு என்ன ஆகும்? போ, போய் செருப்பைப் போடு."

பிள்ளை போய்ச் செருப்பைப் போட்டது. அதில் முகத்தைச் சுளித்ததாகவோ காலை உதைத்ததாகவோ யாரும் சொல்லவில்லை.

அன்று அறுபது பிள்ளைகள். கடைசி ஆட்டம் ஒளிஞ்சு பிடிப்பது. யாரைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லையோ அவர்களுக்குப் பளபளவென்று ஒரு சைக்கிள் மணி, சைக்கிள் கடைக்காரர் உபயம். அறுபதும் புதர், மரம், தண்ணீர்த் தொட்டி மறைவு என்று சிதறி ஓடின. அறுபத்தொன்றாவது பிள்ளை மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த நீலத் துணியைத் தூக்கி, பலகைகளுக்கு அடியில் ஊர்ந்து போய்க் குந்திக்கொண்டது. நல்ல இடம். ஒரே குறை, கட்டெறும்புகளும் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன.

மூன்று விசில் அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முப்பத்தேழாம் எண் பையன் மட்டும் தொட்டி மறைவில் தூங்கிப்போயிருந்தான். யாரும் காணாத பிள்ளை அவன்தான் என்று மணியை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் கொட்டாவியோடு வாங்கிக்கொண்டு நாலு தடவை அடித்தான். பலகைக்கு அடியில் ஒருத்தி அந்த மணிச் சத்தத்தை எண்ணினாள். அவளையும் யாரும் காணவில்லைதான். ஆனால் அவள் கணக்கில் இல்லை, இது அவளுக்கே தெரியும்.

விசில் மேசையருகே நின்று எண்ணினாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. "அறுபதும் சரி. ஒண்ணும் பாக்கியில்ல!" என்று உரக்கச் சொல்லி நோட்டில் கோடு போட்டாள். பிஸ்கட் வரிசை நகர்ந்தது. வரிசை முடிந்து, அவள் கை விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போன அந்த நொடியில்தான், டிராயிங் மாஸ்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"நகராட்சித் தலைவர் வந்துட்டாரும்மா! கார்லேர்ந்து இறங்கிட்டார்! வா, வா, மேடைக்கு வா!"

கை கழுத்திலிருந்து இறங்கியது. புடவையைச் சரி செய்யப் போய்விட்டது.

மேடையில் நாற்காலிகள் இழுபட்டன. பிள்ளையின் தலைக்கு நேர் மேலே அம்மாவின் செருப்பு வந்து நின்றது. பலகை இடுக்கில் அதன் நிழல் தெரிந்தது. நகராட்சித் தலைவர் பேசினார். அவர் எந்த விழாவுக்குப் போனாலும் ஒரே பேச்சைத்தான் பேசுவார். அன்று நடுவில் ஒரு இடத்தில் "இந்தப் பாலம்" என்று வந்தது, ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நீலப் பட்டுத் துணி விரித்த பெட்டியைத் திறந்து, தங்க முலாம் பூசிய விசில் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். தலைவரோடு வந்த பேரன், ஐந்து வயது, அதைப் பார்த்துத் தனக்கும் வேண்டும் என்று மேடையில் புரண்டு அழுதான். விசில் சட்டென்று தன் கழுத்திலிருந்த பழைய பிளாஸ்டிக் விசிலைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். திடல் முழுக்கக் கைதட்டல். பேரன் அதை ஊதினான், குட்டையாக, எச்சில் தெறிக்க. பலகைக்கு அடியில் ஒரு தலை நிமிர்ந்தது. நீளமான விசில் இல்லை. தலை மறுபடி முழங்காலில் கவிழ்ந்தது.

விசில் மைக் முன்னால் வந்து நின்றாள். தொண்டையைக் கனைத்தாள். "எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்தப் பத்து வருஷத்துல, இந்தத் திடல்ல, ஒரு பிள்ளையைக்கூட நாங்க விட்டுட்டுப் போனதில்ல."

அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

பிறகு பேக்கரியில் கேக் வெட்டினார்கள். மகள் எங்கே என்ற நினைப்பு விசிலுக்கு வராமல் இல்லை. புருஷன் ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் கூட்டிப்போயிருப்பார் என்று ஒரு வாய் கேக்கோடு அந்த நினைப்பையும் விழுங்கினாள். புருஷன் நேரே வீட்டுக்குப் போய், விழாவாயிற்றே, பிள்ளை அம்மாவோடு கேக் தின்னும் என்று சட்டைகூட மாற்றாமல் சாய்ந்திருந்தார். ஆறே காலுக்கு விசில் பெட்டியும் கையுமாக உள்ளே நுழைந்தாள்.

"எங்கே அவ?"

"உன்கூடத்தானே இருந்தா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செருப்பு போட மறந்து தெருவில் ஓடினார்கள்.

பூங்காவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காகிதத் தட்டுகள் காற்றில் உருண்டன. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரரும் மாஸ்டரும் தேட வந்தார்கள். மிச்ச கேக்கோடு வந்த பேக்கரிக்காரம்மா, விஷயம் தெரிந்ததும் கேக்கைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"ஒரு பிள்ளையைக்கூட விட்டதில்லைன்னு இப்பத்தானே மைக்குல சொன்ன?"

"ஏய், வால்! வெளிய வாடி!" விசில் கத்தினாள். "ஆட்டம் முடிஞ்சு போச்சு! அம்மா கூப்பிடறேன், வாடி கண்ணு!"

பத்தடி தூரத்தில், துணிக்குப் பின்னால், பிள்ளை உட்கார்ந்திருந்தது. காலும் கழுத்தும் தடித்துப்போய்க் கண் பாதி மூடியிருந்தது. அம்மாவின் குரல் நன்றாகவே கேட்டது. கண்ணு என்று கூப்பிட்டதுதான் அதைப் பயமுறுத்தியது. அம்மா சோதிக்கும்போதுதான் குரல் அப்படி இனிக்கும். பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டது.

பூங்காவை இரண்டு சுற்று சுற்றினார்கள். சைக்கிள் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் கழியை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். அந்தக் கழி தண்ணீரில் சளக் என்று இறங்கிய சத்தத்தில்தான் விசிலுக்கு உறைத்தது. நின்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. கழுத்தில் ஒன்றும் இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து தங்க விசிலை வாயில் வைத்து, உயிரைக் கொடுத்து ஊதினாள்.

புஸ்.

மறுபடி ஊதினாள். புஸ். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்த பொருள். உள்ளே உருளுகிற குண்டே இல்லை. நாயைத் திரும்பிப் பார்க்க வைத்தவள், கன்னம் உப்ப, கண் பிதுங்க, காற்றை ஊதிக்கொண்டு நின்றாள். பேக்கரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள், பாவம், முடியவில்லை.

கண்டக்டர் பெண்டாட்டியைப் பார்த்தார், அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியும். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார். கழற்றாத காக்கிச் சட்டைப் பையில் கை விட்டு, பஸ் விசிலை எடுத்து, ஒரே ஊதல். நீளமாக.

நீலத் துணி அசைந்தது. பிள்ளை தவழ்ந்து வெளியே வந்தது. முகம் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. எறும்புகள் இன்னும் பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவைத் தாண்டி நேரே அம்மாவிடம் நொண்டிக்கொண்டு வந்து நின்றது.

"இப்ப வரலாம்தானேம்மா?"

சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். பூங்கா வேலியில் வேடிக்கை பார்க்க வேறு பத்துப் பேர். அவர்கள் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் விசில் பிள்ளையைக் கட்டிக்கொண்டிருப்பாளோ என்னவோ. அவள் கை ஓங்கியது. வீங்கிய கன்னத்திலேயே விழுந்தது.

"இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தறோம், காது செவிடா உனக்கு? என் மானத்தை வாங்கவே பிறந்தியா?"

"நாலாவது அடிக்கலையேம்மா" என்றது பிள்ளை. அழவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னது.

கண்டக்டர் மகளைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அன்று டோக்கன் கொடுத்தவள் வேறு ஒருத்தி. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும், முதலில் போங்க என்று கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த ஞாயிறு. விசில், புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் விசிலோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பேக்கரிக்காரம்மா சிவப்புப் பட்டைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் போனார்கள். பதினேழாவதாக வந்து நின்றது வால். பின்னால் லீவு போட்டுவிட்டு வந்த அப்பா.

விசில் பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க என்ன பண்ற? உள்ள போய் நில்லு."

"என்கூட வந்திருக்கா" என்றார் கண்டக்டர். "நான் கிளப்புல இல்லியே. எழுது."

வரிசை பின்னால் நெரித்தது. விசில் நோட்டை இழுத்தாள். பேர் கேட்டாள், பிள்ளை முழுப்பேரையும் சொன்னது, யாரும் கேட்டிராத அந்தப் பேரை. வயது கேட்டாள். வீடு கேட்டாள், தெருவையும் கதவு எண்ணையும் ஒப்பித்தது. அப்பா பேர் கேட்டாள். நோட்டில் அடுத்த கட்டம் இருந்தது. அதை அவளே கோடு போட்டு வைத்திருந்தாள், பத்து வருஷத்துக்கு முன்னால்.

"அம்மா?" என்றாள், நோட்டைப் பார்த்தபடியே.

"அம்மா இல்ல."

பேனா நின்றது. கண்டக்டரே திடுக்கிட்டுக் குனிந்து மகளைப் பார்த்தார். அதை அவர் சொல்லித்தரவில்லை. பிள்ளை மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. கன்னத்தில் இன்னும் இரண்டு மூன்று கடிப்புண்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னடி சொல்ற?"

"எழுது விசிலு" என்றாள் பேக்கரிக்காரம்மா, கத்தரிக்கோலை நிறுத்தாமலே. "பிள்ளை சொன்னதைத்தானே எழுதணும். எதிர்க்கேள்வி கூடாதுன்னு சொன்னது யாரு, நானா?"

"சீக்கிரம்மா, வெயில் ஏறுது" என்றது வரிசையில் ஒரு குரல்.

விசில் எழுதினாள். மூன்று எழுத்து: இல்லை. பிறகு பட்டையை எடுத்தாள். பிள்ளை கையை நீட்டியது. எத்தனையோ மணிக்கட்டில் கட்டிய கை. அன்று பட்டையின் கொக்கி மாட்டவே மாட்டேன் என்றது. நான்காவது தடவையில் மாட்டியது.

"நன்றி அக்கா" என்றது பிள்ளை. எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். சொல்லிவிட்டுத் திடலுக்கு ஓடியது.

அன்று மூன்று விசிலுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது வால்தான். எண்ணும்போது பதினேழு என்ற இடத்தில் விசிலின் குரல் சற்றே தட்டியது. மாஸ்டருக்கு மட்டும் கேட்டது, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிள்ளை முழுப் பொட்டலம் வாங்கிக்கொண்டது. பலூனில் மஞ்சளைக் காட்டி மஞ்சளை வாங்கிக்கொண்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

கடைசிப் பிள்ளையும் வரிசையை விட்டுப் போனதும், விசில் வழக்கம்போல நீளமாக நான்காவது விசிலை அடித்தாள். மரத்தடி நாய் திரும்பிப் பார்த்தது. புதரிலிருந்தோ தொட்டி மறைவிலிருந்தோ யாரும் வரவில்லை. "யாருக்கும்மா அது?" என்றார் மாஸ்டர். அவள் நோட்டை மூடினாள்.

இப்போது கிளப்பில் புது ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு போன் செய்தால் அப்பாவோடு பேசுவாள். விசிலுக்குத் தலை நரைத்து, ஊதும்போது தோள் நடுங்குகிறது. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்காவது விசிலை அடிக்காமல் அவள் திடலை விட்டு இறங்குவதில்லை. அதைக் கேட்டதும் புது ஆட்கள் மளமளவென்று எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குத்தான் அந்த விசில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.